நாக்குக்கு அடியில்

அந்த லாண்டரியில் எல்லோரும் முதலாளி என்று கூப்பிட்டது லாண்டரிக்காரரை அல்ல, அவருடைய மகனை. ஒரு தடவை புதிதாக வந்த ஓட்டல் மேனேஜர் ஒருவர், "இங்க முதலாளி யாருங்க?" என்று கேட்டபோது லாண்டரிக்காரர் பனியனோடு மெஷினுக்கு அடியில் படுத்து ஒழுகும் குழாயை இறுக்கிக்கொண்டிருந்தார். மகன் மேசைக்குப் பின்னால் கால்மேல் கால் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மேனேஜர் அவனுக்கு வணக்கம் வைத்தார். அவன் திரும்பவில்லை. மேனேஜர் இன்னும் கொஞ்சம் குனிந்து இரண்டாவது வணக்கம் வைத்தார். பார்த்துக்கொண்டிருந்த இஸ்திரி அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அன்றிலிருந்து அவன் முதலாளி.

லாண்டரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கீழே வேலை, மேலே வீடு. கீழே நீளமான ஒரு கூடம். துவைக்கிற மெஷின் இரண்டு, காயவைக்கிற மெஷின் ஒன்று, படுக்கை விரிப்புகளைத் தேய்த்துத் தள்ளுகிற சூட்டு உருளை ஒன்று, மூலையில் இஸ்திரி மேசை. ஓட்டல்களின் விரிப்பும் தலையணை உறையும் துண்டும் இங்கேதான் வந்து வெளுத்துத் திரும்பும். வெயில் இருந்தால் மொட்டை மாடி இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் எல்லாம் மெஷினை நம்பித்தான். இது நடந்தது மழைக்காலத்தில். ஈரத் துணி கூடை கூடையாகக் குவிந்து, நடக்க வழியில்லாமல், எல்லோருக்கும் எல்லோர் மேலும் எரிச்சலாக இருந்த நாட்கள்.

பெரிய விரிப்பை ஓர் ஆள் மடிக்க முடியாது. ஒரு முனையில் லாண்டரிக்காரர், மறுமுனையில் முதலாளி. "பிடி" என்பார், அவன் இரண்டு மூலையையும் பிடிப்பான். "உதறு" என்பார், உதறுவான். "இழு" என்பார். கடைசியில் இரண்டு பேரும் நடந்து வந்து நெருங்கியதும் "விடு". விடு என்று காதில் விழுந்த அந்த நொடியே விட்டுவிட வேண்டும். விடாமல் இழுத்தால் அடுத்தவர் விரல் மடங்கும், நகம் பிய்யும். அந்தக் கூடத்தில் சட்டம் என்று ஒன்று இருந்ததென்றால் அது அதுதான்.

முதலாளிக்கு இருபத்தாறு வயது. ஆட்டிசம் என்று சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார்கள். பேச்சு மிகவும் குறைவு. மடிப்புச் சொற்களில் மூன்றைக் காதால் கேட்பதோடு சரி, "விடு" மட்டும் அவன் வாயிலும் வரும். அதை அவன் தொழிலோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. சோறு போதுமென்றால் விடு. டிவி சத்தம் அதிகமென்றால் விடு. சொந்தக்காரர் யாராவது பாசம் பொங்கித் தோளில் கை போட்டால் விடு. அந்த ஒற்றைச் சொல்லை வைத்து அவன் குடும்பமே நடத்திக்கொண்டிருந்தான்.

ஒரே ஒரு தடவை அந்தச் சட்டம் மீறப்பட்டது. சில வருஷங்களுக்கு முன்னால் விடாத காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்க நான்கு பேர் பிடித்தார்கள். கால் பக்கம் லாண்டரிக்காரர். "விடு, விடு" என்று அவன் தொண்டை கட்டும்வரை கத்தினான். அவர் விடவில்லை. ரத்தம் எடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், காய்ச்சல் போனது. வீட்டுக்கு வந்த பிறகு அப்பா "பிடி" என்றால் முதலாளி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். அம்மாவோடு மட்டும் மடித்தான். அப்பாவின் விரிப்புக்கு அவன் திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு வருஷத்தில் லாண்டரிக்காரர் எத்தனை தடவை எத்தனை விதமாகக் கெஞ்சியிருப்பார் என்பது இஸ்திரி அக்காவுக்குத் தெரியும். அவளே அதைப் பற்றிக் கிண்டல் பண்ணுவதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதைய தொல்லை தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. சாப்பிட்டுக்கொண்டே இருப்பவன் திடீரென்று ஊளையிடுவான், தட்டை வீசுவான். தாடையில் தானே அறைந்துகொள்வான். சுவரில் போய் மண்டையை இடிப்பான், டம் டம் என்று மேலே வீடு வரைக்கும் கேட்கும். ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். வீட்டில் அவருக்கு மாத்திரை டாக்டர் என்று பெயர். கெட்ட மனிதர் இல்லை. வாசல் வரைக்கும் நிற்கும் கூட்டத்தை ஒரே ஆளாகப் பார்ப்பவர். "இந்த வயசுல கொஞ்சம் முரட்டுத்தனம் வரும்மா. ஆட்டிசத்துல இது சகஜம்" என்றார். அவனைத் தொட்டுப் பார்க்கவில்லை. மாத்திரை எழுதினார். ஆள் ஊதிப்போனான், பகலிலும் தூங்கி வழிந்தான். இடிப்பது கொஞ்சம் குறைந்தது. தூங்குகிறவன் எப்படி இடிப்பான் என்று யாரும் யோசிக்கவில்லை, மாத்திரை கேட்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதே சமயத்தில் இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. காயவைக்கிற மெஷின் நின்றதும் ஓடிப்போய்ச் சூடான துண்டு ஒன்றை எடுத்து, நாலாக மடித்து, கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடி நிற்பான். ஆறினால் இன்னொன்று. துண்டெல்லாம் எச்சில். ஒரு ஓட்டல் கட்டோடு திருப்பி அனுப்பிவிட்டது. அவனை அனுப்பிவந்த பயிற்சி நிலையத்து மேடத்திடம் சொன்னார்கள்.

"இது ஒரு பழக்கம். வளர விட்டீங்கன்னா அதுவே பிடிச்சுக்கும். எடுத்துடுங்க" என்றாள் மேடம். "ரெண்டு நாள் கத்துவான். நீங்க கண்டுக்கவே கூடாது. துண்டைத் தொடாம இருந்தான்னா உடனே ஒரு சாக்லெட்."

லாண்டரிக்காரர் மெஷினுக்கு முன்னால் கம்பி வலைக் கதவு போட்டார். முதலாளி இரண்டு நாள் இல்லை, அதற்கு மேலும் கத்தினான். யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு நின்றுவிட்டது. மேடம் மற்ற பெற்றோர்களிடம் இவர்களை உதாரணம் காட்டினாள்.

அந்த மழை வாரத்தில் முதலாளி சாப்பாட்டை நிறுத்தினான்.

"ஏங்க, இன்னைக்கும் தட்டைத் தொடல" என்றாள் அம்மா, ஈரக் கூடையை இடுப்பில் வைத்தபடியே.

"பசிச்சா சாப்பிடுவான்" என்றார் லாண்டரிக்காரர்.

"நேத்துலருந்து பசிக்காதா ஒருத்தனுக்கு?"

"மாத்திரை டாக்டருக்குப் போன் போட்டியா?"

"போட்டேன். அரை மாத்திரை கூட்டிக் குடுங்கன்னு கம்பவுண்டர் சொல்றாரு."

"டாக்டர் பேசலையா?"

"அவரு பேசிட்டா மழை நின்னுடும்."

கூட்டிக் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் அவன் நாற்காலியில் சரிந்து கிடந்தான். கடைவாயில் வழிந்ததைத் துடைக்கப் போன அம்மாவின் கையைக் கடித்துவிட்டான். அவன் யாரையும் கடித்ததே கிடையாது. இஸ்திரி அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"ரத்தம் வருதா அண்ணி? காட்டுங்க."

"கடிச்சது கெடக்கட்டும்" என்றாள் அம்மா. கையை உதறிக்கொண்டே கணவனைப் பார்த்தாள். "இங்க வாங்க. அந்தக் கன்னத்துப் பக்கம் கைய வெச்சுப் பாருங்க. தொட வேணாம், பக்கத்துல வெச்சாலே போதும். கொதிக்குது."

லாண்டரிக்காரர் உள்ளங்கையைக் கன்னத்துக்கு அருகில் கொண்டுபோனார். சூடு பார்க்கத் தெரிந்த கை. உருளை எப்போது தயார் என்று தொடாமலே சொல்லும் கை. அவர் முகம் மாறிவிட்டது.

ஆஸ்பத்திரியில் பல் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. பல் டாக்டர் ஒரு பெண். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவள் போல, ஒரு பிஸ்கட்டைக் கடித்தபடிதான் உள்ளே கூப்பிட்டாள். முதலாளி நாற்காலியைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"நிக்கட்டும், பரவாயில்ல" என்றாள். ஜன்னலோரமே போய், கையை மடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அவனோடு சேர்ந்து மழையைப் பார்த்தாள். பிறகு ஒரு சின்னக் கண்ணாடியைக் காட்டி, வாயை ஒரு இடுக்கு திறக்க வைத்து, உள்ளே பார்த்துவிட்டு வந்தாள்.

"எப்பலருந்து இப்படி?"

"இந்த வாரந்தாங்க. ரெண்டு மூணு நாளா சாப்பிடல" என்றாள் அம்மா.

"அது வீக்கத்துக்கு. சீழ் வெச்சிருக்கு. வலி அதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்திருக்கணும். சூடா எதையாவது கன்னத்துல வெச்சுக்கிறாரா? இல்ல, வாயில பச்சத்தண்ணிய வெச்சுக்கிட்டே இருக்கிறது, அந்த மாதிரி? சொல்ல வராதவங்க தங்களுக்குத் தாங்களே ஏதாவது ஒரு வைத்தியம் கண்டுபிடிச்சு வெச்சிருப்பாங்க."



"துண்டு" என்றார் லாண்டரிக்காரர்.

"என்ன துண்டு?"

"நமக்கு லாண்டரிங்க. மெஷின்லருந்து சூடா வர்ற துண்டை எடுத்து எடுத்து வெச்சுக்குவான்."

"இப்பவும் வெச்சுக்கிறாரா?"

"இல்லைங்க. நிறுத்திட்டோம்."

"நிறுத்திட்டாரா, நிறுத்திட்டீங்களா?"

"நாங்கதாங்க. கம்பி வலை போட்டு."

பல் டாக்டர் அதையும் எழுதிக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவருக்கு. ஒத்தடம். வெந்நீரில் துணியைப் பிழிந்து அவருக்கே அவர் மனைவி எத்தனை தடவை கொடுத்திருக்கிறாள். சூட்டுத் துணியிலேயே பிழைப்பு நடத்துகிறவருக்கு அது தெரியாமல் போனது.

"சரி, கேளுங்க" என்றாள் பல் டாக்டர். "பல்லு வரணும், சீழ் வெளிய போகணும். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, இங்கயே மரத்துப்போற ஊசி போட்டு எடுக்கறது. உக்காந்தார்னா ரெண்டு நிமிஷம். உக்காரலேன்னா நாலு பேர் பிடிக்கணும். இன்னொண்ணு, முழு மயக்கம் குடுத்து, எல்லாப் பல்லையும் நிதானமாப் பாத்து எடுக்கறது. அதுக்குத் தேதி அடுத்த மாசந்தான் கிடைக்கும். அதுவரைக்கும் கிருமிக்கும் வலிக்கும் மருந்து தரேன். வீக்கம் வத்தும். வலி முழுசாப் போகாது. வீக்கம் கழுத்துக்கு எறங்கினாலோ, மூச்சு கஷ்டமா இருந்தாலோ ஓடி வந்துடணும். அப்ப தேதி பாக்க மாட்டோம்."

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள் அம்மா.

"பிடிச்சு எடுத்தவங்களையும் பாத்திருக்கேன், காத்துக்கிட்டு இருந்தவங்களையும் பாத்திருக்கேன். ரெண்டு பேரும் அழுதுட்டுத்தான் போறாங்க. முதல்ல பிடிக்காம ஒரு தடவை பாத்துடலாம்."

ஆச்சரியமாக, முதலாளி உட்கார்ந்தான். நாற்காலி மெதுவாகச் சாய்ந்தது அவனுக்குப் பிடித்திருந்தது. லாண்டரிக்காரர் பக்கத்தில் நின்று தோளில் கை வைத்தார். விளக்கு வெளிச்சம் முகத்தில் விழுந்தது. பொறுத்துக்கொண்டான். பஞ்சால் துடைத்தாள். பொறுத்துக்கொண்டான். ஊசி உதட்டைத் தாண்டி உள்ளே போனதும் உடம்பு முழுக்க விறைத்தது.

"விடு" என்றான்.

ஊசி நின்றது. பல் டாக்டர் அவனைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள்.

"பிடிங்க" என்றாள் அம்மா. "ஏங்க, பிடிங்க. ஒரு நிமிஷம்."

வாசலில் இருந்த ஆஸ்பத்திரி ஆட்கள் இரண்டு பேர் உள்ளே வந்துவிட்டார்கள். லாண்டரிக்காரரின் கை ஏற்கெனவே தோளில்தான் இருந்தது, அழுத்த வேண்டியதுதான் பாக்கி. முப்பது வருஷம் ஈரத் துணி பிழிந்த கை. அவர் ஒருவரே போதும்.

"விடு" என்றான் மறுபடி. கத்தவில்லை, வேலை நேரத்தில் சொல்வது போலத்தான் சொன்னான்.

அவர் கையை எடுத்துவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். மாடி ஏறி, ஈரச் செருப்பைக் கழற்றி, மருந்தைக் கொடுத்து, அவனைப் படுக்க வைத்த பிறகுதான் அம்மா கீழே வந்தாள். லாண்டரிக்காரர் தனியாக ஒரு பெரிய விரிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் போய் மறுமுனையை எடுத்துக்கொண்டாள். சண்டை என்றாலும் வேலை நிற்காது.

"அன்னைக்கு ரத்தம் எடுக்கறப்ப பிடிச்சீங்க இல்ல? இன்னைக்கு என்ன வந்துச்சு உங்களுக்கு?"

"அன்னைக்குப் பிடிச்சதாலதான் இன்னைக்குப் பிடிக்கல."

"உங்க மனசு ஆறுறதுக்கு அவன் வலிச்சுக்கிட்டுக் கெடக்கணுமா? ரெண்டு நிமிஷம். இன்னைக்கு நிம்மதியாத் தூங்கியிருப்பான்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான விட்டீங்க."

"அவன் வாயில இருக்கிறதே அந்த ஒரு வார்த்தை. அதையும் நாம கேக்கலேன்னா அவன் எதுக்குப் பேசணும் சொல்லு. நம்மள விட மெஷினே பரவாயில்லன்னு போயிடுவான்."

"கேக்க நல்லாத்தான் இருக்கு. பக்கத்துல படுத்துக்கிறது நான். அவன் மொனகுறப்ப அந்த வார்த்தைய நான் என்ன பண்ணட்டும்? ஒத்தடமா குடுக்கட்டும்?"

 யார் சொன்னது சரி என்று எனக்குத் தெரியாது. வலிக்கிறவனை வலியோடு வீட்டுக்குக் கூட்டி வந்தவரை நல்லவர் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கும் மனசு வரவில்லை.

"இழுங்க, கோணலா இருக்கு" என்றாள் அவள். இழுத்தார்.

மருந்தில் வீக்கம் வற்றியது. கஞ்சி மாதிரி கரைத்துக் கொடுத்தால் குடித்தான். வலி வந்தும் போயும் இருந்தது. அது வரும் நேரம் யாருக்கும் தெரியாது, அவன் கை தாடைக்குப் போவதுதான் அடையாளம். அம்மாவுக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிற்று. இஸ்திரி அக்கா தன் வேலையோடு அவள் வேலையிலும் பாதியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எனக்கு மட்டும் கை என்ன கடன் வாங்கியா வந்திருக்கு" என்று எல்லோர் காதிலும் விழும்படி புலம்பினாள். மழை மட்டும் ஒழுங்காகத் தன் வேலையைப் பார்த்தது.

வீக்கம் வற்றிய பிறகு இளஞ்சூடாக வைத்துக்கொள்ளட்டும் என்று பல் டாக்டர் சொல்லியிருந்தாள். அன்றைக்கே லாண்டரிக்காரர் குறடு எடுத்து வந்து கம்பி வலையைப் பிய்த்தார். திருகைக் கழற்றினாலே போதும், அவர் பிய்த்தார். மெஷின் நின்றதும் கதவைத் திறந்து வைத்துவிட்டு மகனைப் பார்த்தார்.

"வாடா முதலாளி. துண்டு எடுத்துக்கோ."

அவன் வரவில்லை. வலை இருந்த இடத்தைத் தாண்டவில்லை.

அவரே ஒரு துண்டை எடுத்து, சூடு பார்த்து, நாலாக மடித்து, அவன் முன்னால் நீட்டினார். "இந்தா. வெச்சுக்கோ. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

முதலாளி துண்டைப் பார்த்தான். ஒரு கையைப் பின்னால் கொண்டுபோனான். மற்றக் கையை அவருக்கு முன்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

"என்னடா வேணும்?"

"சாக்லெட் கேக்குறான்" என்றாள் அம்மா. "துண்டைத் தொடல இல்ல. அதுக்கு."

லாண்டரிக்காரர் அந்தத் துண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். இஸ்திரி அக்கா தலை நிமிராமல் ஒரே உறையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் துண்டை மேசை மேல் வைத்துவிட்டு, தெருப் பக்கம் போய்விட்டார். மறுநாளும் வைத்தார். பல நாள் அது ஆறி அப்படியே கிடந்தது. பிறகு ஒரு நாள் திரும்பி வந்து பார்க்கும்போது மேசை காலியாக இருந்தது. அவன் மூட்டைகளுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் நின்று கன்னத்தில் வைத்திருந்தான். திருடியவன் போல நின்றான் பிள்ளை. அவர் பார்க்காதது போல வந்துவிட்டார்.

மயக்கம் கொடுக்கிற தேதி வந்தது. முதலில் தூக்கம் வர ஒரு சின்னக் குப்பி மருந்து குடிக்க வேண்டும், அதன் பிறகுதான் மற்றதெல்லாம். மயக்க டாக்டர் குப்பியை நீட்டினார்.

"ஜூஸ்ல கலந்துடலாமா?" என்றாள் அம்மா. "தெரியாமக் குடிச்சிடுவான்."

"கலக்கலாம். நானும் எத்தனையோ பேருக்குக் கலந்து குடுத்திருக்கேன்மா, உங்களுக்கு வகுப்பெடுக்க வரல. ஆனா அப்பறம் அவர் ஜூஸே குடிக்க மாட்டாரு, பாத்துக்கோங்க."

லாண்டரிக்காரர் மகனுக்கு எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது தூக்க மருந்து. கசக்கும். குடிச்சா தூங்கிடுவ. தூங்கறப்ப பல்லப் பிடுங்குவாங்க. எழுந்திருக்கறப்ப வாயில ரத்தம் இருக்கும், ஆனா பல்லு இருக்காது. நானும் அம்மாவும் வெளிய இதே ஸ்டூல்ல உக்காந்திருப்போம்."

முதலாளி சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான். பிறகு குப்பியை வாங்கி, எழுந்து போய், கைகழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

மயக்க டாக்டர் சிரித்துவிட்டார். "சரி, மத்தவங்கள முடிச்சுட்டு வரேன்" என்று இவர்களைக் கடைசிக்குத் தள்ளிவிட்டுப் போனார். காத்திருந்தார்கள். வெறும் வயிற்றோடு அவனும், அவனுக்காகச் சாப்பிடாமல் அவர்களும். இரண்டாவது குப்பியை மோந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டான். அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. குப்பியின் ஓரத்தில் வழிந்திருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் அஷ்டகோணலாயிற்று.

"த்தூ. அப்பா சொன்னது நெஜந்தாண்டா. கருமம், வேம்பு தோத்துச்சு."

முதலாளி அவள் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தது அபூர்வம். என்ன நினைத்தானோ, குப்பியை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அவளைப் போலவே முகத்தைச் சுருக்கினான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் தலை அவள் தோளில் சரிந்தது.

எல்லாம் முடிந்து பல் டாக்டர் வெளியே வந்தாள். தொப்பியைக் கழற்றிவிட்டு அவர்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"நல்லா இருக்காரு. நாலு பல்லு எடுத்தோம். ரெண்டு பக்கமும். சொத்தை வேர் வரைக்கும் போயிருந்துச்சு."

"வீங்கினது ஒரு பக்கந்தானுங்களே" என்றார் லாண்டரிக்காரர்.

"வீங்கினது இந்த மழைக்கு. மத்தது பழசு. ரெண்டு வருஷத்துக்குக் கொறையாது, கூடவும் இருக்கலாம்."

அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அவன் செவுத்துல மண்டைய இடிச்சுக்கிட்டது, தட்டை எறிஞ்சது எல்லாம்..."

"எல்லாமே பல்லுதான்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பல்லு, காது, வயிறு எல்லாத்தையும் பாத்துட்டு அப்பறந்தான் வேற எதையும் சொல்லியிருக்கணும். ஆட்டிசம்னு ஒரு வார்த்தை முன்னாடி வந்துட்டா அதுக்குப் பின்னாடி இருக்கிற உடம்பை யாரும் பாக்கறதில்ல. எங்க டாக்டர்களச் சேத்துத்தான் சொல்றேன்."

"அப்ப அந்த மாத்திரை?"

"நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க. அது உடம்புக்குக் கெடுதி. கொஞ்சங்கொஞ்சமாத்தான் கொறைக்கணும். நான் அந்த டாக்டர்கிட்டப் பேசறேன். அதுவரைக்கும் பழையபடி குடுங்க."

வீடு திரும்பிய பிறகு இரண்டு நாள் வீக்கமும் ரத்தமும் எரிச்சலுமாகப் போனது. அப்புறம் வீட்டில் ஒரு அமைதி வந்தது. சுவரில் சத்தம் இல்லை. அவன் கை தாடைக்குப் போகவில்லை. குழைந்த சோற்றை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டான். அப்பா "பிடி" என்றதும் வந்து பிடித்தான். "பாத்தீங்களா, முதலாளி லீவு முடிஞ்சு டூட்டிக்கு வந்துட்டாரு" என்றாள் இஸ்திரி அக்கா. லாண்டரிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அம்மாவால் மட்டும் சிரிக்க முடியவில்லை. அந்த அமைதி அவளுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒவ்வொரு தடவையும் சத்தம் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். வரவில்லை என்றதும், இரண்டு வருஷமாக அந்தச் சத்தத்துக்கு என்னவெல்லாம் சொல்லிக் கத்தியிருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது.

அன்று சாயங்காலம் மேலே சாப்பாடு முடிந்ததும், அவள் மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்து வந்தாள். மாத்திரை டாக்டர் இன்னும் குறைக்கச் சொல்லவில்லை. லாண்டரிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டி முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். முதலாளி மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தான். தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினான்.

முதல் நாளே கம்பவுண்டர் சொல்லிக் கொடுத்தது அது. "இவங்க நாக்குக்கு அடியில ஒளிச்சு வெச்சுட்டு அப்பறம் துப்பிடுவாங்கம்மா. தினமும் வாயத் திறக்கச் சொல்லிப் பாத்துடுங்க." அவள் டார்ச் வைத்துக்கொண்டு பார்ப்பாள். ஒரு நாள் கூடத் தவறியதில்லை.

டார்ச்சை அடித்தாள். நாக்குக்கு அடியில் ஒன்றும் இல்லை. வெளிச்சம் அப்படியே கொஞ்சம் நகர்ந்து இந்தப் பக்கம் போனது, பிறகு அந்தப் பக்கம். பல் இருந்த இடங்களில் சதை சிவப்பாக, ஆற ஆரம்பித்திருந்தது.

"ஏங்க" என்றாள்.

"என்ன? முழுங்கலையா?"

"முழுங்கிட்டான்."

"அப்பறம் என்ன?"

"தெனமும் பாத்திருக்கேங்க. ரெண்டு வருஷமா, ஒரு நாள் விடாம, டார்ச் அடிச்சு இந்த வாய்க்குள்ளதான் பாத்திருக்கேன்." அவள் டார்ச்சை அணைத்தாள். "மாத்திரை இருக்கான்னு மட்டுந்தாங்க பாத்தேன்."

லாண்டரிக்காரரின் கை முழங்காலிலேயே நின்றுவிட்டது. 

பார்த்து முடித்ததும் அவள் "சரி" என்பாள், அதற்குப் பிறகுதான் அவன் வாயை மூட வேண்டும். அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். அவள் டார்ச்சை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். சரி சொல்ல அவளுக்கு நினைவு வரவில்லை. அவன் தலையைச் சாய்த்து, நாக்கைத் தூக்கி, வாயைத் திறந்தபடியே காத்துக்கொண்டிருந்தான்.